ஓரில் நெய்தல் கறங்க: துக்கத்தில் ஒரு பழைய பாட்டை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு நாளாக மனதிலேயே வைத்திருந்தேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, துக்கம் கேட்க வருகிறவர்கள் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்றும் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள், கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது, கஷ்ட காலத்தில் பழைய பாட்டு துணையாக இருக்கும் என்பது நிஜமா, நிஜம் என்றால் எதை எடுத்து எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். எனக்கு நடந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்கிற வழியில் நடக்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எரிச்சலைப் பற்றி. அது நியாயமான எரிச்சல். 'இடுக்கண் வருங்கால் நகுக' என்கிற குறள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பொருட்பாலில், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று வரிசையாக வந்து, அடுத்து வருகிற இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதல் குறள் அது. அதாவது ஒரு காரியத்தில் இறங்கியவனுக்கு நடுவில் தடை வந்தால் சோர்ந்துவிடாதே என்று சொல்கிற இடம். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'சிரி' என்று வள்ளுவர் எங்கேயும் சொல்லவில்லை. 'தீதும் நன்றும்' வரியும் அப்படித்தான், பதின்மூன்று அடிப் பாட்டிலிருந்து ஓர் அடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தால் அது 'உன் கஷ்டத்துக்கு நீயே காரணம்' என்கிற மாதிரி காதில் விழுகிறது. அந்தப் பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

2011 வைகாசியில் என் தம்பி இறந்துபோனான். இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்றான், விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் வாசலில் பந்தல் போட்டு, தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊர் சின்ன ஊர், இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம் உண்டு, அன்று பெரிய முகூர்த்தம். ஒன்பது மணி வாக்கில் தப்புச் சத்தம் சற்று ஓய்ந்த நேரத்தில் அங்கிருந்து நாயனமும் தவிலும் கேட்டது, அப்புறம் கெட்டிமேளம். எங்கள் வாசலில் இருந்த ஒருவரும் எதுவும் பேசவில்லை. உள்ளே தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள், முந்தின நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது வைத்த மல்லிகைச் சரம் வாடி இன்னும் தலையிலேயே இருந்தது, எதிர்வீட்டுப் பெரியம்மா ஒருவர் யாரும் பார்க்காத நேரத்தில் அதை மெதுவாக எடுத்தார்.

நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். புறநானூற்றின் 194ஆம் பாட்டை அதற்கு முன் எத்தனையோ தடவை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்று இரண்டு மேளமும் காதில் விழுந்தபோது அந்தப் பாட்டு நினைவுக்கே வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டு தெரிந்திருப்பதால் மட்டும் அது நேரத்துக்கு வந்து நிற்காது. உங்களால் இப்போது எதையும் படிக்க முடியவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை.

ஜூலையில் கல்லூரி திறந்த பிறகு, பாடத் திட்டத்தில் இருந்தது என்பதால் மட்டுமே அதை எடுத்தேன். சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன்.

ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்பப்,
புணர்ந்தோர் பூவணி அணியப், பிரிந்தோர்
பைதல் உண்கண் பனிவார்பு உறைப்பப்,
படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்;
இன்னாது அம்ம, இவ்வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந்தோரே.

நாலாவது அடியில் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். மிச்சத்தை மறுநாள் நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பாட்டின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நெய்தல் என்பது பூவும் இல்லை, கடற்கரை நிலமும் இல்லை, சாவுக்கு அடிக்கிற பறை. ஒரு வீட்டில் சாவுப்பறை முழங்குகிறது, ஒரு வீட்டில் கல்யாண முழவின் குளிர்ந்த ஓசை ததும்புகிறது. கூடியிருப்பவர்கள் பூச்சூடுகிறார்கள், பிரிந்தவர்களின் மைதீட்டிய கண்களில் இருந்து நீர் ஒழுகி வழிகிறது. இப்படி இருக்கும்படி ஒருவன் படைத்திருக்கிறானே, அவன் நிச்சயமாகப் பண்பில்லாதவன். இந்த உலகம் இன்னாதது. இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காண்க. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார் என்கிறது தொகை நூல். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஏழு அடிதான்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருவர் என் வீட்டு வாசலில் அன்று காலை நின்றிருந்தது போல் இருந்தது எனக்கு. அந்த மல்லிகைச் சரம் கூட இருக்கிறது, 'பூவணி' என்று. 'உண்கண்' என்பது சங்கப் பாட்டுகளில் பெண்களின் கண்ணுக்கு வழக்கமாக வருகிற அடைமொழி, அதில் பெரிதாக எதையும் ஏற்றக்கூடாது என்றுதான் நான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் துக்கம் வரப்போகிறது என்று தெரிந்து யாரும் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வதில்லையே. மை தீட்டின கண்ணில்தான் அது வருகிறது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஐந்தாவது அடி. படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் 'எல்லாம் அவன் செயல்', 'நல்லவர்களை அவன் சீக்கிரம் அழைத்துக்கொள்வான்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குள் இருந்தது வெறும் கோபம், அதைச் சொல்ல இடம் இல்லை. அந்தக் கோபத்தை ஒரு புலவர், எந்தச் சமாதானமும் இல்லாமல், பட்டவர்த்தனமாகச் சொல்லி, அதைப் பாடம் பண்ணி, ஏட்டில் எழுதி எழுதி இத்தனை தலைமுறை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள், "ஐயா, கடவுளை இப்படித் திட்டலாமா?" திட்டியிருக்கிறார்கள் என்றேன். வள்ளுவரும் திட்டியிருக்கிறார். 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்'. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டும் என்றால் இந்த உலகத்தை உண்டாக்கியவன் அலைந்து கெட்டுப்போகட்டும். அதிலும் நன்கணியார் திட்டுகிற விதம் தனி. கொடியவன் என்று சொல்லவில்லை, பாவி என்று சொல்லவில்லை, பண்பில்லாதவன் என்கிறார். பண்பு என்றால் என்ன? கலித்தொகையில் 133ஆம் பாட்டில் நேரடியாகவே விடை இருக்கிறது, 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்'. அடுத்தவர் நிலைமை தெரிந்து நடந்துகொள்வது. அப்படிப் பார்த்தால் படைத்தவன் மேல் நன்கணியார் வைக்கிற குற்றச்சாட்டு மிகத் துல்லியமானது. பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கிறது என்று தெரிந்தால் சாதாரண மனுஷனே ரேடியோவைக் குறைத்து வைப்பான், அவனுக்கு இருக்கிற அந்தப் பாடறிதல் உன்னிடம் இல்லையே என்கிறார்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மறந்தே போயிருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. தம்பியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிய அன்று சாயங்காலம், அந்தக் கல்யாண வீட்டுப் பெண்ணின் அப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். பழக்கம் அதிகம் கிடையாது. கல்யாணம் நடந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குச் சாவு வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள், தீட்டு பார்ப்பார்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர் பட்டு வேட்டியை மாற்றிச் சாதாரண வேட்டியில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாலி கட்டின பிறகுதான் விஷயம் காதில் விழுந்தது தம்பி, முன்னமே தெரிந்திருந்தால் மேளத்தை அடக்கி வாசிக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எதிர்வீட்டுப் பெரியம்மா தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டு வந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவார், பேசினால் அம்மா அழுவார் என்று அவருக்குத் தெரியும். பாடறிந்து ஒழுகுதல். வள்ளுவர் இன்னோர் இடத்தில் 'பண்புடையார்ப் பட்டுண்டு உலகம்' என்கிறார், பண்புடையவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது, இல்லையென்றால் அது மண்ணுக்குள் போய் மாய்ந்துவிடும் என்று. படைத்தவனிடம் இல்லாத பண்பு ரசம் சாதத் தூக்குவாளியில் இருந்தது. நன்கணியார் இதைச் சொல்லவில்லை, வேறு காலத்து வேறு புலவரின் வரியை நான் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தேன். ஒரு பாட்டு நமக்குள் இறங்கிய பிறகு அதுவே இப்படிப் போய் வேறு பாட்டுகளைக் கூட்டிக்கொண்டு வரும்.

இதே இரட்டைப் பறையை வைத்து இன்னொரு பாட்டு நாலடியாரில் இருக்கிறது, அதையும் பார்த்தால் நான் சொல்ல வருவது தெளிவாகும்.

மன்றம் கறங்க மணப்பறை யாயின
அன்றவர்க் காங்கே பிணப்பறையாய்ப் - பின்றை
ஒலித்தலும் உண்டாமென் றுய்ந்துபோம் ஆறே
வலிக்குமாம் மாண்டார் மனம்.

கல்யாணத்துக்கு அடித்த பறையே அன்றைக்கே அவர்களுக்குப் பிணப்பறையாக ஒலிக்கவும் கூடும், அதனால் மாண்புடையவர் மனம் தப்பிப் போகும் வழியைத்தான் நாடும் என்கிறது. அருமையான வெண்பா. ஆனால் அதில் ஒருவரும் அழவில்லை பாருங்கள். பறை இருக்கிறது, உபதேசம் இருக்கிறது, கண்ணீர் இல்லை. சமண முனிவர்கள் பாடியது, சமணத்தில் படைத்தவன் என்று ஒருவன் இல்லாததால் திட்டவும் ஆள் இல்லை. மனம் அமைதியாக இருக்கிற நாளில் எனக்கு நாலடியார் மிகவும் பிடிக்கும். தம்பி போன வருஷம் அதைத் தொடவே முடியவில்லை. உங்களுக்கும் ஒரு பாட்டு பிடிக்காமல் போனால் தள்ளி வைத்துவிடுங்கள், அதற்கான நாள் வரும்போது வரட்டும்.

சரி, இப்போது 'தீதும் நன்றும்' இருக்கிற பாட்டுக்கு வருகிறேன். அது 192. கணியன் பூங்குன்றனார். நன்கணியாரின் பாட்டு 194. இரண்டு பேர் பெயரிலும் 'கணி' இருக்கிறது, கணியன் என்றால் நாளும் கோளும் கணிப்பவன். இரண்டு பேரையும் ஆசீவகம் என்கிற பழைய சமயத்தோடு சேர்த்துப் பேசுகிற ஆய்வாளர்களும் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பூங்குன்றனார் சொல்கிறார், வாழ்தல் இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, 'முனிவின் இன்னாது என்றலும் இலமே', வெறுப்பு வந்து வாழ்க்கை இன்னாது என்று சொன்னதும் இல்லை. ஒரு பாட்டு தாண்டி வந்தால் நன்கணியார் அதே சொல்லை எடுத்து, 'இன்னாது அம்ம இவ்வுலகம்' என்று உரக்கச் சொல்கிறார். ஒருவர் சொல்லமாட்டேன் என்றதை இன்னொருவர் சொல்லியே விடுகிறார், தொகுத்தவர் இரண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறார். நடுவில் 193 யார் தெரியுமா, ஓரேருழவர். நாலே அடி. தோலை உரித்துப் போட்டது போன்ற நீண்ட வெள்ளைக் களர் நிலத்தில் ஒருவன் துரத்துகிற மானைப் போல ஓடித் தப்பித்துவிடலாம்தான், ஆனால் 'ஒக்கல் வாழ்க்கை தட்கும்மா காலே', சுற்றத்தோடு வாழ்கிற வாழ்க்கை காலைக் கட்டிவிடுகிறதே. மூன்று மனிதர்கள், மூன்று மனநிலை. ஒருவர் தன் பாட்டில் வருகிற புணையைப் போல, அதாவது தெப்பத்தைப் போல, ஆற்றோடு போகிறார், ஒருவர் ஓடத் துடிக்கிறார், ஒருவர் கோபப்படுகிறார். நம் இலக்கியம் ஒரே குரலில் ஆறுதல் சொல்கிறது என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பாட்டையும் வரிசையாகக் காட்டுங்கள். எந்த நாளைக்கு எந்தப் பாட்டில் இருப்பது என்பது உங்கள் உரிமை.

192ஐ முழுசாகப் படித்தால் அதன் மேல் உள்ள கசப்பும் குறையும். அந்தப் புணை அமைதியான நதியில் மிதக்கவில்லை. மின்னலோடு வானம் குளிர்ந்த துளியைக் கொட்ட, ஓயாமல் 'கல்பொருது இரங்கும் மல்லற் பேர்யாறு'. பாறையில் மோதி இரைகிற பேராறு. இரங்குதல் என்றால் ஒலித்தல், வருந்தி அழுதலும் அதே சொல்தான். தத்துவம் பேசுகிற பாட்டில் கூட ஆறு கல்லில் அடிபட்டு அழுதுகொண்டுதான் போகிறது. பூங்குன்றனார் அதைப் பார்த்தவர். அந்த ஆற்றை விட்டுவிட்டு இரண்டாவது அடியை மட்டும் துக்க வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம், அவர் மேல் இல்லை. உங்களிடம் அதைச் சொன்னவர்களும் வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லியிருப்பார்கள்.

நன்கணியாரின் கடைசி அடிதான் எனக்கு நீண்ட நாள் தொந்தரவாக இருந்தது. ஆறு அடி என்னோடு நின்றவர் ஏழாவது அடியில் 'இனிய காண்க' என்று சொல்லிவிட்டாரே, இவரும் மற்றவர்களைப் போலத்தானா என்று தோன்றும். வகுப்பில் அந்த அடிக்கு உரையாசிரியர் சொன்னதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். பழைய உரை, வீட்டின்பம், அதாவது முக்தி, தருகிற நல்ல செயல்களை அறிந்து செய்துகொள்க என்று பொருள் கொள்கிறது. அது ஒரு நல்ல உரை, எனக்கு உதவவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மாணவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போது, உதாரணத்துக்காக இந்த அடிகளைக் கரும்பலகையில் எழுதினேன். இன்னாது, ஒன்றன்பால். இனிய, பலவின்பால். எழுதிவிட்டு நானே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகம் ஒன்று, அது இன்னாது. அதில் எந்த மாற்றமும் இல்லை, உலகம் இனியது என்று அவர் எங்கேயும் பேச்சை மாற்றவே இல்லை. ஆனால் இனியவை பல. ஒரு பெரிய துன்பத்துக்கு எதிராக அவர் ஒரு பெரிய இன்பத்தைக் கொண்டு வந்து நிறுத்தவில்லை, சின்னச் சின்னதாகப் பலவற்றைக் காணச் சொல்கிறார். அதுவும் காண்க என்கிறார், மகிழ்க என்று சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்கிற மாதிரி. யாருக்குச் சொல்கிறார்? 'இதன் இயல்புணர்ந்தோர்'. இரண்டு பறையையும் கேட்டவர்களுக்கு. கல்யாண மேளம் மட்டும் கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்கள் கண்ணில் தானாகவே படும்.

நன்கணியார் இந்த ஒருமை பன்மையை எண்ணித்தான் வைத்தார் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் மொழியில் இருக்கிறது, நான் இட்டுக்கட்டவில்லை. சொந்த அர்த்தம் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பாட்டில் இருக்கிற சொல்லிலிருந்து தேடுங்கள். நமக்கு வேண்டிய ஆறுதலை முன்பே முடிவு செய்துகொண்டு பாட்டின் வாயில் திணித்தால் அது இரண்டு நாள் கூடத் தாங்காது, ஏனென்றால் அது நம் குரல்தான் என்று நமக்கே தெரியும். சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் நாம் எதிர்பார்க்காத இடத்தில் நம்மை வேறொருவர் தொடுவது தெரியும். 'அம்ம' என்கிற அசைச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அம்ம கேட்பிக்கும்' என்கிறது தொல்காப்பியம், அதாவது எதிரில் இருப்பவரைக் கேட்க வைக்கிற சொல். 'இன்னாது அம்ம' என்றால், கேளப்பா, இந்த உலகம் இன்னாதது. அப்படியானால் நன்கணியார் அங்கே தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து இடத்தில் ஒரு வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன்.

எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். ஒரே பாட்டு போதும். நிறைய வேண்டாம், தொகுப்பு நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தால் மனசு இன்னும் களைத்துப்போகும். சின்னதாக, ஏழெட்டு அடிக்குள் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். கையால் எழுதுங்கள், அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள், இந்தப் பாட்டுகள் எல்லாம் காதுக்காகச் செய்யப்பட்டவை, 'கறங்க', 'ததும்ப' என்பதை வாயால் சொன்னால்தான் இரண்டு மேளமும் வேறு வேறாகக் கேட்கும். புரியாத சொல் இரண்டு மூன்று இருக்கும், முதல் நாளே உரையைத் திறக்காதீர்கள், புரிந்த சொற்களோடு ஒரு நாள் இருங்கள். உரை பிறகு வேண்டும்தான். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பழைய உரையோடு அச்சில் கொண்டு வந்திருக்காவிட்டால் நான் இதையெல்லாம் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க முடியாது, அவரும் அந்தப் பழைய உரைகாரரும் நமக்குச் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் உரை சொல்கிறவரும் ஒரு வாசகர்தான், 'இனிய' என்பதற்கு அவர் வீட்டின்பம் கண்டார், நான் தூக்குவாளியைக் கண்டேன். பாட்டோடு சண்டை வந்தாலும் நல்லதுதான், நான் அந்த ஏழாவது அடியோடு இரண்டு வருஷம் சண்டை போட்டேன் என்பதால்தான் அது என்னிடமே தங்கிவிட்டது.

இன்னொன்று. பாட்டு எல்லாவற்றையும் செய்யாது. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். என் அம்மாவை நாங்கள் அழைத்துக்கொண்டு போனோம். அதில் ஒரு குறையும் இல்லை.

என் பாட்டு 194 என்பதால் உங்களுக்கும் அதுதான் என்று இல்லை. நீங்கள் அப்பாவை இழந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் கொடுக்க நினைப்பது புறநானூற்றின் 112ஆம் பாட்டு.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்,
எந்தையும் உடையேம்; எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்,
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே!

பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி இறந்தபிறகு அவன் மகளிர் பாடியதாக வைத்திருக்கிறார்கள். பாடியவர் பெயர் பாரி மகளிர், அவ்வளவுதான், அந்தப் பெண்களின் சொந்தப் பெயரைக் கூடச் சங்க நூல்கள் சொல்லவில்லை. ஐந்து அடியில் ஆறுதல் என்று ஒரு சொல் கிடையாது. விதி இல்லை, படைத்தவன் இல்லை, இனியவை இல்லை. ஒரு நிலா இருக்கிறது, அன்றைக்கும் அதே நிலா. வரிசையைக் கவனியுங்கள். அன்றைய நிலவில் முதலில் அப்பா, அப்புறம் மலை. இன்றைய நிலவில் முதலில் மலை போனதைச் சொல்லிவிடுகிறார்கள், அப்பா இல்லை என்பதைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள். சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டு, வேறு வழியில்லாமல் 'யாம் எந்தையும் இலமே' என்று முடிக்கிறார்கள். மூன்று மாதமாக யாராவது 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று தெரியாமல் கேட்கும்போது நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாங்கள் தம்பியைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில்.

இன்று ராத்திரி இந்த ஐந்து அடியை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அற்றை என்றால் அன்றைய, இற்றை என்றால் இன்றைய, எந்தை என்றால் என் அப்பா. மற்ற சொற்கள் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான்.